எங்கள் கரையோர வேடரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேடர் என்றதும் பத்திரிகைகள் மகியங்கனைப் பக்கத்துத் தம்பானைக்கே போகின்றன. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் கிழக்கிலும் வெருகலிலும், தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்து வாகரை வரையிலும் வாழும் கரையோர வேடரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மானிடவியலாளர்களான செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி எழுதி 1911இல் வெளியான நூலிலேயே இவர்களைப் பற்றிய பதிவு உண்டு.

இவர்கள் தமிழ் பேசுகிறவர்கள். களப்பில் மீன்பிடி, காட்டில் தேன், மழைக்குச் சேனை என்று வாழ்கிறவர்கள். போத்தலில் ஊற்றித் தோப்பூருக்குக் கொண்டுவரும் தேனில் மெழுகுத் துண்டு மிதக்கும். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீடுகளில் நம்பி வாங்குவோம். தெய்வமேறி ஆடும் அவர்களுடைய சடங்குகள் முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. 2006 யுத்தத்தில் மூதூர் கிழக்கும் வெருகலும் இடம்பெயர்ந்தபோது இவர்களும் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். இன்று பதிவேடுகளில் பெரும்பாலானோர் தமிழர் என்றே எழுதப்படுவதால், பூர்வகுடிகளுக்கான பேச்சுகளில் இவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. காட்டுக்குள் போவதற்கும் தடை மேல் தடை.

முதியவர்கள் இருக்கும்போதே அவர்களின் சடங்குப் பாடல்களைக் கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். தேன் எடுக்கும் உரிமையை வனத் திணைக்களம் எழுத்தில் தர வேண்டும். தங்கள் பத்திரிகையும் ஒரு நிருபரை வெருகலுக்கு அனுப்பட்டும்.

வாசகர்,
தோப்பூர்.