நம்மவர் கடித்தால்?

கால்பந்துப் பந்தயத்தில் ஓர் ஆட்டக்காரர் மற்றொருவரைப் பல்லால் கடிப்பது குற்றமா, அல்லவா என்று ஒரு தேசமே கச்சை கட்டிக்கொண்டு வாதாடிய விந்தை 2014-ம் வருஷம் ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. கடித்தவர் உருகுவே நாட்டின் லூயிஸ் ஸுவாரெஸ். கடிபட்டவர் இத்தாலியின் ஜார்ஜியோ கியெல்லினி. பிரேஸில் தேசத்து நடால் நகரில், ஜூன் 24-ந் தேதி, உலகக் கோப்பைப் பந்தயத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருக்கையில் நடந்த காரியம் இது. பார்க்கத் தவறியவர்களில் முக்கியமானவர் பந்தயத்தின் மத்தியஸ்தர்! கியெல்லினி சட்டையை விலக்கித் தோளிலிருந்த பல் தடத்தைக் காட்டியும் பயனில்லை. இரண்டு நிமிஷத்தில் உருகுவே கோல் போட்டது. இத்தாலி போட்டியிலிருந்தே வெளியேறியது.

தடை விதிப்பார்களா, எத்தனை பந்தயங்களுக்கு என்பதே அடுத்த இரண்டு நாளும் கால்பந்து அபிமானிகளின் பேச்சாக இருந்தது. 26-ந் தேதி பிபா என்னும் சர்வதேசக் கால்பந்து சம்மேளனம் தீர்ப்பை வெளியிட்டது. தேசத்தின் சார்பில் 9 பந்தயங்களில் ஆடக்கூடாது. 4 மாதங்களுக்குக் கால்பந்து சம்பந்தமான எக்காரியத்திலும் ஈடுபடக்கூடாது. ஒரு லட்சம் ஸ்விஸ் பிராங்க் அபராதம். அதுவரை உலகக் கோப்பையில் விதிக்கப்பட்ட மிக நீண்ட தடை 1994-ல் இத்தாலியின் தஸ்ஸோத்தி பெற்ற 8 பந்தயத் தடையே. ஸ்பெயின் ஆட்டக்காரர் ஒருவரின் முகத்தில் முழங்கையால் இடித்ததற்காக அது விதிக்கப்பட்டது.

உருகுவே அபிமானிகள் சொன்ன சமாதானங்களை நாம் வரிசையாகப் படித்தோம். படங்கள் புனைந்தவை என்றனர் சிலர். அவர் நிலைதடுமாறி விழுந்தார், பல் தானாகப் பட்டுவிட்டது என்றனர் வேறு சிலர். ஆங்கிலேயப் பத்திரிகைகளின் பழைய பகை என்றும் சொன்னார்கள். பயிற்சியாளர் தபாரெஸ் பிபாவில் தாம் வகித்த பதவியையே துறந்தார். ஜனாதிபதி ஹோஸே முஹிகா பிபா அதிகாரிகளை அச்சிடத் தகாத மொழியில் ஏசினார். கொள்கைக்காக 12 வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்த அந்தப் பெரியவரிடம் நமக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அன்று அவர் பேசியது அரங்கின் கடைசி வரிசையில் நின்று கூவும் ரசிகரின் பேச்சேயன்றி, தேசத்தலைவரின் பேச்சன்று.

இந்த ஆவேசத்தின் காரணம் நமக்கு விளங்காமலில்லை. சுமார் 34 லட்சம் ஜனங்களே கொண்ட நாடு அது. அத்தனை சிறிய நாடு 1930-லும் 1950-லும் உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. பெரிய தேசங்களுக்குச் சமமாகத் தலை நிமிர்ந்து நிற்கக் கால்பந்தே அதற்கு ஒரு வழி. அதன் முதல்தர வீரரைப் போட்டியின் நடுவே பறித்தால் ஜனங்கள் கொதிக்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் கொதிப்பு வேறு, பொய் வேறு. ஜூன் 30-ந் தேதி ஸுவாரெஸே பகிரங்கமாகக் கடி நேர்ந்ததை ஒப்புக்கொண்டு, கியெல்லினியிடம் மன்னிப்புக் கேட்டு, இனி இப்படி நடவாது என்று உறுதி கூறினார். கட்சிக்காரரே கைவிட்ட பிறகு அவருக்காகச் சத்தியம் செய்த வக்கீல்களின் கதி என்ன?

அவர்களுடைய வாதங்களில் ஒன்றை மட்டும் நாம் தள்ளிவிட மாட்டோம். 2006-ம் வருஷத்து இறுதிப் பந்தயத்தில் பிரான்ஸ் தேசத்து ஜிதான், மாத்தெராஸ்ஸியை மார்பில் தலையால் முட்டித் தள்ளினார். அவருக்குக் கிடைத்தது 3 பந்தயத் தடை. அதற்கு முன் 1998-லும் ஸவூதி ஆட்டக்காரர் ஒருவரை மிதித்து 2 பந்தயத் தடை பெற்றவர் அவர். முட்டுவதற்கு மூன்று, கடிப்பதற்கு ஒன்பது என்பது எந்தத் தராசு? இக்கேள்விக்குத் திருப்தியான பதிலை நாம் காணவில்லை. என்றாலும் ஸுவாரெஸுக்கு இது மூன்றாவது கடி என்பதை மறக்கலாகாது. 2010-ல் ஹாலந்தில் ஒருவரைக் கடித்து 7 பந்தயம் இழந்தார். 2013-ல் இங்கிலாந்தில் இன்னொருவரைக் கடித்து 10 பந்தயம் இழந்தார். ஜிதானுக்குக் குறைத்து அளந்தார்கள் என்றால், அது பிபாவின் மேல் குற்றமே தவிர, ஸுவாரெஸுக்கு விடுதலைப் பத்திரம் அல்ல.

ஆகவே 9 பந்தயம் நியாயமே என்பது நம் அபிப்பிராயம். ஆனால் அந்த நான்கு மாத விலக்கு? தோழர்களோடு விடுதியில் தங்கக்கூடாது, மைதானத்தில் கால் வைக்கக்கூடாது, தம் கழகத்தாரோடு பயிற்சிகூடச் செய்யக்கூடாது என்று அதிலிருந்து கிளம்பிய கட்டுப்பாடுகள் தண்டனையல்ல, சாதிப்பிரஷ்டம்! கடிபட்ட கியெல்லினியே தண்டனை மிதமிஞ்சியது என்று சொன்னார். அந்த ஒரு மனிதரின் பேச்சில்தான் இரு தேசத்து அபிமானிகளின் கூச்சலிலும் இல்லாத நிதானம் இருந்தது. ஆகஸ்ட் 14-ந் தேதி லோஸான் நகரத்து விளையாட்டுப் பஞ்சாயத்து நீதிமன்றம், தடையை நிலைநிறுத்திவிட்டு, பயிற்சியையும் பரிசுக்கல்லாத பந்தயங்களையும் மட்டும் அனுமதித்தது. நாம் முழு மனதோடு ஆதரிக்கும் தீர்ப்பு அது.

இதே ஸுவாரெஸ் 2010-ல் கானா தேசத்துக்கு எதிரான பந்தயத்தின் கடைசி விநாடிகளில் கோலுக்குள் புகவிருந்த பந்தைக் கையால் தடுத்தார். ஆப்பிரிக்கா முழுதும் அவரைச் சபித்தது, உருகுவே கொண்டாடியது. அங்கே சட்டம் முன்கூட்டியே விலை குறித்திருந்தது: வெளியேற்றம், எதிரிக்குத் தண்ட உதை, அடுத்த பந்தயத்தில் தடை. மூன்றையும் அவர் செலுத்தினார். கானாவின் உதை கம்பத்தில் பட்டது அவர் குற்றமன்று. கடித்த விஷயத்தை அத்துடன் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி, தீயவர் என்றோ தியாகி என்றோ முத்திரை குத்தியவர்கள் இரு தரப்பிலும் உண்டு.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுவோம். 2015-ம் வருஷம் தென்னமெரிக்கக் கோப்பையில் உருகுவேயும் சிலியும் ஸாந்தியாகோவில் மோதின. சிலியின் ஜாரா, உருகுவேயின் கவானியிடம் அநாகரிகமாகக் கை நீட்டிச் சீண்டினார். கவானி அவர் முகத்தில் தட்ட, வெளியேற்றப்பட்டவர் கவானிதான். மத்தியஸ்தர் ஜாராவின் செய்கையைப் பார்க்கவில்லை. படம் பார்த்து ஜாராவைத் தண்டிக்கவேண்டும் என்று உருகுவே அபிமானிகள் ஒரே குரலில் முழங்கினார்கள். படங்களை நம்பலாகாது என்று முந்தின வருஷம் அவர்களில் பலர் சொன்னது யாருக்கும் ஞாபகமில்லை. ஜாராவுக்குத் தடையும் கிடைத்தது, அது சரியே. அந்தப் பந்தயம் நடந்த தேதியும் ஜூன் 24 தான். ஸுவாரெஸ் அன்று ஆடவில்லை. ஒன்பதில் ஐந்தாவது பந்தயத்தை அவர் கழித்துக்கொண்டிருந்தார்.