நாய்க்கும் ஒரு கணக்குப் புத்தகம்

நாகபுரியில் நாங்கள் குடியிருந்த அடுக்ககத்தின் மின்தூக்கி மிகச் சிறியது. நான்கு பேர் ஏறிவிட்டால் ஐந்தாமவர் அடுத்த நடைக்குக் காத்திருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் எங்கள் நாயுடன் அதில் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாம் தளத்தில் ஏறிய எட்டு வயதுச் சிறுவன் கையிலிருந்த பந்தைத் தவறவிட்டான். அதை எடுக்க அவன் குனிந்தான், நாயும் பாய்ந்தது. சீற்றம் எதுவும் இல்லை. இருவரும் ஒரே பொருளுக்கு ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அவன் மணிக்கட்டில் பல் பட்டு இரண்டு துளி இரத்தம் எட்டிப் பார்த்தது.

அவனுடைய தாய் என்மீது கோபப்படவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். "அங்கிள், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா?" போட்டிருக்கிறேன் என்றேன். "கடைசியாக எப்போது?"

எனக்கு விடை தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணியாற்றியவன் நான். எங்கள் வீட்டு வைப்புத்தொகைகள் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முதிர்வடையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நாயின் தடுப்பூசித் தேதியைக் கேட்டபோது வாயடைத்து நின்றேன்.

என் மனைவி அதற்குள் சிறுவனைக் குழாயடிக்கு அழைத்துப் போயிருந்தார். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எளிய செயலாகத் தோன்றினாலும் கடிபட்ட கணத்தில் இதற்கு ஈடான முதலுதவி வேறில்லை. மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு என்று காயத்தில் அப்பும் பழக்கம் நாட்டின் எல்லா மூலைகளிலும் இன்னும் இருக்கிறது; அவையெல்லாம் தீங்கே செய்யும். பிறகு அனைவருமாக அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். இரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிலும் எதிர்ப்புச் சீரம் செலுத்தினார்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசியை அன்றே தொடங்கி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மீண்டும் வரச் சொன்னார்கள். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கும்படி எனக்கு உத்தரவு.

அந்தப் பத்து நாளுக்குக் காரணம் உண்டு. எச்சிலில் ரேபிஸ் கிருமி வெளிப்படும் நிலையை அடைந்த நாய், ஏறத்தாழப் பத்து நாள்களுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். அதன் பிறகும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தத் தாய் எங்கள் வாசலுக்கு வந்து, கதவுக்கு வெளியிலேயே நின்று, "சாப்பிட்டதா? தண்ணீர் குடித்ததா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கேட்டது நாயைப் பற்றித்தான். ஆனால் அவர் மனத்தில் இருந்தது தம் பிள்ளை.

மூன்றாம் நாள் இரவு, பிரிக்கப்படாமல் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றில் நாயின் தடுப்பூசிப் புத்தகம் கிடைத்தது. போபாலிலிருந்து பணியிட மாற்றத்தில் வந்தபோது பழைய மின்கட்டண இரசீதுகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கடைசிப் பதிவைப் பார்த்தேன். ஆண்டு ஊசி போட வேண்டிய நாள் கடந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன.

தவறாமல் ஊசி போட்டிருந்தாலும் மருத்துவர் சிறுவனுக்குச் சிகிச்சையைத் தொடங்கியே இருப்பார், அதுவே முறை. ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று கடியை அலட்சியம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அந்தத் தாய் பத்து இரவுகளைக் கழித்த விதம் வேறாக இருந்திருக்கும். அவரிடம் நீட்டுவதற்கு என் கையில் ஒரு தாள் இருந்திருக்கும். அது இல்லாமற் போனதற்கு நான் மட்டுமே பொறுப்பு. நாய் வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் அன்பைப் பற்றியே பேசுகிறோம். அன்புக்கு நம் வீடுகளில் குறைவில்லை; தேதிகளுக்குத்தான் குறைவு என்பது என் கருத்து.

ரேபிஸ் நோயின் அறிகுறிகள் ஒருவரிடம் தோன்றிவிட்டால், ஏறக்குறைய மரணம் உறுதி. அறிகுறி தோன்றும் முன்பு உரிய சிகிச்சை பெற்றாலோ, ஏறக்குறையப் பிழைப்பது உறுதி. இவ்வளவு தெளிவாகக் கோடு கிழிக்கப்பட்ட நோய் மிக அரிது. 1885ஆம் ஆண்டு ஜூலையில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு லூயி பாஸ்டர் தமது தடுப்பூசியைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் 1900இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டது. தென்னாட்டில் கடிபட்டவர்கள் உயிர் பிழைக்க அந்த இமாலய மலை ஊர் வரை நாள்கணக்கில் இரயிலில் செல்ல வேண்டியிருந்த காலம் அது. 1907இல் குன்னூரில் ஒரு நிலையம் எழுந்த பின்னரே அந்தத் துயரம் நீங்கியது. இன்று தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இருந்தும், உலகில் ரேபிஸால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ரேபிஸ் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் என்பதும் அதே நிறுவனம் கூறுவதே. நாய்வழி ரேபிஸை 2030க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2021இல் அறிவித்தது. தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவது அரசும் உள்ளாட்சிகளும் செய்ய வேண்டிய பெரும்பணி. வீட்டு நாய்க்குப் போட வேண்டியவர் வீட்டுக்காரர். அதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை.

குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ரேபிஸ் ஊசி, பின்னர் மருத்துவர் கூறும் நாளில் அடுத்தது, அதன்பின் ஆண்டுக்கு ஒன்று என்பது வழக்கத்தில் உள்ள முறை. அதற்கும் முன்பே, ஆறு முதல் எட்டு வார வயதில், பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கிவிட வேண்டும். ஒரு குட்டியை இரண்டே நாளில் கொண்டுபோகக் கூடியது பார்வோ. வீட்டுக்கு வந்த குட்டி ஒரு வாரத்தில் இறந்துபோனதென்று பிள்ளைகள் அழும் வீடுகள் பலவற்றில் காரணம் அதுவே. பூச்சி மருந்து, உண்ணி மருந்து, உடல் எடை ஆகியவற்றுக்கும் புத்தகத்தில் கட்டங்கள் இருக்கும். பெரும்பாலான புத்தகங்களில் அவை வெறுமையாகவே கிடக்கின்றன. நான் இப்போது அவற்றை நிரப்புகிறேன். எடை குறைவதை நம் கண்ணுக்கு முன்பாக எண் சொல்லிவிடுகிறது.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். குட்டி வாங்கும் விலையைப் பேரம் பேசுகிறோம். அது பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் உயிர்வாழும் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் மூன்று ஆண்டுகள் செலவு சிறியது. ஒன்பது வயதுக்கு மேல், பல், மூட்டு, சிறுநீரகம் என்று நமக்கு வருவதெல்லாம் அதற்கும் வரும். அந்த வேளையில்தான் பல நாய்கள் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுகின்றன. விட்டுவிட்டு வருபவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். பலர் கையில் பணம் இல்லாதவர்கள். மின்தூக்கி நிகழ்ச்சிக்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய் வீதம் நாயின் பெயரைச் சொல்லி ஒரு தொடர் வைப்புக் கணக்கு தொடங்கினேன். வங்கி நாயின் பெயரில் கணக்குத் தராது என்பதால் என் பெயரில்தான். இரண்டாண்டு கழித்து அதன் கருப்பையில் சீழ் பிடித்து அறுவைச் சிகிச்சை செய்ய நேர்ந்தபோது எவரிடமும் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. உரிய வயதில் கருத்தடை செய்திருந்தால் அந்தச் சிகிச்சையே தேவைப்பட்டிராது என்று மருத்துவர் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எங்கள் நாய் விலை கொடுத்து வாங்கியதன்று. போபாலில் நான் பணியாற்றிய கிளையின் பின்புறம், ஜெனரேட்டர் கொட்டகையில் பிறந்தது. பழுப்பு நிறம் என்பதால் அங்கிருந்த காவலாளி 'பூரி' என்று அழைத்தார். இந்தியில் அதுவே பொருள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பெயரைக் கேட்டவுடன் உருளைக்கிழங்கு மசாலா எங்கே என்பார்கள். நாகபுரியின் மே மாதம் 45 பாகை வரை கொதிக்கும். பூரி நிழலில் நீட்டிப் படுத்து அதைக் கடந்துவிடும். அதே வளாகத்தில் பனிநாட்டு ஹஸ்கி ஒன்று குளிரூட்டிய அறையை விட்டு வெளிவராமல் கோடை முழுவதும் சிறையிருந்தது. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. மூக்கு சப்பையான பக் போன்றவற்றுக்கு அதுவும் கடினம். விளம்பரத்தில் பார்த்த முகத்துக்காக அவற்றை வாங்குவது, என் பார்வையில், நாயிடம் காட்டும் அன்பன்று. இராஜபாளையம், முதோல், இராம்பூர், இமாலய மேய்ப்பு நாய் ஆகிய நம் நாட்டு இனங்கள் நான்குக்கும் அஞ்சல் துறை 2005இல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. தெருவில் பிறந்த பூரிக்குத் தபால்தலை இல்லை. நம் வெயிலில் வாழத் தெரிந்த உடல் இருக்கிறது.

மின்தூக்கி நிகழ்ச்சிக்குப் பின் குடியிருப்போர் சங்கம் கூடியது. நாய்களை வளாகத்தை விட்டே அகற்ற வேண்டும் என்று சிலர் தீர்மானம் கொண்டுவந்தனர். சட்டப்படி அது இயலாது. பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அதன் நகலை ஒருவர் எனக்காக எடுத்தும் வந்திருந்தார். நான் அதை வாசிக்கச் சொல்லவில்லை. நாயால் பிறருக்கு ஊறு நேராமல் காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தாளை நீட்டுகிறவர் இரண்டாவதையும் படித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது என்று கூறி, மூன்று செயல்களுக்கு ஒப்புக்கொண்டேன். நாயுடன் மின்தூக்கியில் ஏறினால் வேறு எவரும் ஏறாதபடி பார்த்துக்கொள்வது அல்லது படிகளில் இறங்குவது. வளாகத்துக்குள் எப்போதும் சங்கிலியைக் கையில் குட்டையாகப் பிடிப்பது. தடுப்பூசிப் புத்தகத்தின் நகலை ஒவ்வோர் ஆண்டும் சங்க அலுவலகத்தில் கொடுப்பது. நாய் வளர்த்த மற்ற ஐந்து வீட்டாரும் நகல் கொண்டுவர இசைந்தனர். அவர்களில் இருவர் அன்று மாலையே ஊசி போடச் சென்றார்கள் என்பது பின்னர் தெரிந்தது. உள்ளாட்சியில் நாயைப் பதிவு செய்வதையும் அப்போதே முடித்தோம். தில்லி மாநகராட்சிச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இதற்கு இடம் தந்திருக்கிறது. பல நகரங்களில் விதி இருக்கிறது, பதிவு செய்வோர்தாம் இல்லை.

இத்தனைக்கும் பிறகு நாய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பணியிட மாற்றத்தில் ஊர் ஊராகச் சென்றவர்களுக்கு விடை தெரியும். மொழி தெரியாத ஊரில், பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட வீட்டில், மாலை ஆறு மணிக்கு மேல் பெரும் மௌனம் வந்து அமரும். என் மனைவிக்கு மராத்தியும் வராது, இந்தியும் அரைகுறை. அவருக்கு நாகபுரியில் கிடைத்த முதல் தோழிகள், காலை ஐந்தரைக்கு நாயுடன் நடப்பவர்கள். மூட்டுவலிக்கு நடக்கச் சொன்ன மருத்துவரின் பேச்சை அவர் கேட்டதில்லை. கதவருகே சங்கிலியைக் கவ்விக்கொண்டு நிற்கும் பூரியின் பேச்சைக் கேட்டார். நான் ஓய்வுபெற்ற நாளின் மறுநாள் காலை, போவதற்கு அலுவலகம் இல்லாமல் உடையணிந்து அமர்ந்திருந்தேன். பூரி வந்து காலடியில் படுத்துக்கொண்டது. அதைப் பற்றி விரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் பூரி நலமாகவே இருந்தது. அன்று காலை அந்தத் தாய் முதன்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்து அமர்ந்து தேநீர் குடித்தார். மருத்துவர் கூறியபடி சிறுவனுக்கு இருபத்தெட்டாம் நாள் ஊசியும் போடப்பட்டது. நானும் உடன் சென்றேன். திரும்பும் வழியில், பூரிக்கு அடுத்த ஊசி எப்போது என்று கேட்டான். இம்முறை நாளும் மாதமும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்தான். நாங்கள் நாகபுரியில் இருந்தவரை, ஒவ்வோர் ஆண்டும் ஊசி போட்டு வந்த அன்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் தளத்துக்குச் செல்வேன். அடுத்த ஆண்டுக்குரிய தேதியை அவன்தான் பென்சிலால் எழுதுவான்.