கேஜ் யார் கையில்?

ரயில்வே அப்ரண்டிஸ் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கேள்விகள்தான் எழுகின்றன. முடித்தால் வேலை உண்டா? நம் ஊர் இடங்கள் வடநாட்டாருக்குப் போகின்றனவா? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகு, அந்த ஓராண்டில் யாருக்கு எந்த வேலை கற்றுத்தரப்படுகிறது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இன்று நான் ரயில்வே தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அதற்கு முன், 2010இல், ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு ஒரு ரயில் பெட்டிப் பணிமனையில் அப்ரண்டிஸாக இருந்தேன். பதினெட்டு வயது. இட ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அப்ரண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கும் பிரிவு 1973இல்தான் அதில் சேர்ந்தது. அந்தப் பிரிவு இல்லையென்றால் நான் அந்த கேட்டைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

முதல் நாள் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். பெயருக்குப் பக்கத்திலேயே பிரிவும் இருந்தது. அதைப் பார்க்காதவர்கள் டீ நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். "எந்த ஊரு தம்பி?" ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்தது, "ஊருக்குள்ளயா, காலனியா?" சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள்.

பழுதுபார்க்க வரும் பெட்டியைத் தூக்கி போகியிலிருந்து பிரிப்பார்கள். பெட்டியின் இரும்பு எந்த இடத்தில் முதலில் அரிக்கும் என்று எந்த ரயில்வேக்காரரைக் கேட்டாலும் சொல்வார்: கக்கூஸுக்கு அடியில். அப்போது ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் மலம் நேராகத் தண்டவாளத்தில் விழும் கழிப்பறைதான். பாதி அடிச்சட்டத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகும் மூலைகளில் மிச்சம் இருக்கும். வெல்டர் வருவதற்குள் அந்தத் துருவையும் மிச்சத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். சுரண்டப் போனவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் ஒரே பிரிவு. நான் அங்கே இருந்த ஓராண்டில் அந்த நால்வர் மாறவில்லை.

மற்ற எட்டுப் பேர் வீல் ஷாப்புக்கும் பேரிங் பிரிவுக்கும் முறை வைத்துப் போனார்கள். எங்களுக்கு முறை வரும்போதெல்லாம் "இங்க வேலை நெருக்கடி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்பார் பொறுப்பில் இருந்தவர். திட்டியதில்லை, சாதி சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் எழுத உட்கார்ந்தால் என்னவென்று எழுதுவது? வேலைதானே கொடுத்தார்கள்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல என்கிறது சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஆகவே தொழிற்சங்கத்துக்குப் போனால் "நீங்க எங்க மெம்பர் இல்லையேப்பா" என்றார்கள். பட்டியல் சாதி ஊழியர் சங்கத்தில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் பேசக்கூடியது ஊழியருக்காக. நாங்கள் ஊழியரும் இல்லை. சுரண்டும்போது மட்டும் தொழிலாளியாக இருந்தோம்.

ஒரே ஒருவர் கற்றுக்கொடுத்தார். கலாசியாகச் சேர்ந்து ஓய்வுக்கு மூன்று ஆண்டு இருக்கையில் ஃபிட்டராகியிருந்த ஒரு அண்ணன். சாப்பாட்டு நேரத்தில் சக்கரத்தின் விட்டத்தை அளக்கும் கேஜை என் கையில் கொடுத்து, "புது வீல் 915 மில்லி, 825க்குக் கீழ போனா கழிச்சிரணும். ஒரே அச்சுல இருக்குற ரெண்டு வீலுக்கும் அரை மில்லிக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது, மனசுல வச்சுக்க" என்றார். அப்படி நான்கைந்து மதியங்கள். யாரோ அவரைக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கூப்பிடவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பயிற்சி முடிந்து தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினேன். குறிப்பேட்டில் எல்லாப் பிரிவுக்கும் கையெழுத்து இருந்தது, நான் போகாத வீல் ஷாப்புக்கும் சேர்த்து. சில மாதம் கழித்து ஒரு தனியார் தொழிற்சாலையில் நேர்காணல். எஞ்சின் உதிரி ஒன்றின் உள்விட்டத்தை அளக்கச் சொன்னார்கள். மூன்று முறை அளந்தேன், மூன்று அளவு வந்தது. "ரயில்வே அப்ரண்டிஸ்னு போட்டிருக்கீங்க?" என்று அந்த இளைஞர் உண்மையான வியப்போடு கேட்டார். என்னோடு வந்த அதே பணிமனைப் பையன் ஒரே முறையில் அளந்து காட்டினான். கெட்டிக்காரன்தான். ஓராண்டு கேஜ் பிடித்தவனும்கூட. 'கோட்டாவில் வந்தவனுக்குத் திறமை இல்லை' என்ற பேச்சு எப்படித் தயாராகிறது என்பதை அன்று என் கையாலேயே பார்த்தேன்.

அதன்பிறகு தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதி, கல்லூரிக்குப் போய் வேறு பாதைக்கு வந்துவிட்டேன். எம்.ஏ. படிக்கும்போது, அண்ணல் அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாடில் ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாட்டில் பேசியதை வாசித்தேன். பார்ப்பனியமும் முதலாளித்துவமும் இரு எதிரிகள் என்று அவர் சொன்ன இடத்தை எல்லோரும் எடுத்துக்காட்டுவோம். அதே உரையில் நாம் அதிகம் பேசாத பகுதி ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் கேங்மேனாகவே காலம் தள்ளுகிறார்கள், போர்ட்டராகக்கூட முடிவதில்லை; போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், அவர் தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் விடமாட்டார் என்று காரணத்தையும் சொல்கிறார். பணிமனையில் நம்மவர் மெக்கானிக் ஆவது அரிது என்பதையும் சொல்கிறார். நூலகத்தில் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். 72 ஆண்டு கழித்து அதே இடத்தில் நான் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2018 மார்ச்சில் மும்பையில் ரயில்வே அப்ரண்டிஸ்கள் தண்டவாளத்தில் அமர்ந்து ரயில்களை நிறுத்தினார்கள். கடைநிலைப் பணிகளில் பயிற்சி முடித்தவர்களுக்கு 20 சதவீதம் போதாது என்பது அவர்கள் கோரிக்கை. அந்தப் போராட்டத்தை ஆதரிக்கிறேன். ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். எந்த அப்ரண்டிஸ் எந்தப் பிரிவில் எத்தனை நாள் இருந்தார், எந்தக் கருவியைக் கையாண்டார் என்ற பதிவைப் பயிற்சி பெறுபவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை ஆண்டுதோறும் சாதிப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். இட ஒதுக்கீட்டைக் கவனிக்கும் அதிகாரி சேர்க்கைப் பட்டியலோடு நின்றுவிடாமல் அந்தப் பதிவையும் பார்க்க வேண்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. அரை மில்லிமீட்டரை அளக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இதை அளக்க முடியாதா?

என் சித்தி மகன் இப்போது வேறொரு பணிமனையில் அப்ரண்டிஸ். கழிப்பறைகள் பயோ டாய்லெட் ஆகிவிட்டன, அந்தச் சுரண்டல் அவனுக்கு இல்லை. சேர்ந்த அன்றே ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன்: தேதி, வேலை, யார் சொன்னது, கையில் இருந்த கருவி. வாரம் ஒருமுறை படமெடுத்து அனுப்புகிறான். நேற்று வந்த பக்கத்தில் ஆறு நாளுக்கும் கருவி என்ற இடத்தில் 'துடைப்பம்' என்று இருந்தது. கீழே, "அண்ணே, இதை யார்கிட்ட குடுக்கணும்?" என்று கேட்டிருக்கிறான்.