‘லினக்ஸ் நம்ம ஆளுகளுக்குச் சரிவராது’

பதுளை நகரத்துக் கணினிக் கடைகளில் ஒரு வருடமாக ஒரே பேச்சைக் கேட்கிறேன். “டென்னுக்கு இனி சப்போர்ட் இல்ல. இந்த மெஷினுக்கு லெவன் ஏறாது. புதுசு ஒண்ணு பாருங்க.” வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடலாமா என்று கேட்டால் அடுத்த பதில் தயாராக இருக்கிறது. “அது படிச்ச ஆளுகளுக்கு. நம்ம ஆளுகளுக்குச் சரிவராது.”

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் என் சித்தி மகளுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். உயர்தரம் படிக்கிறாள். சித்தி கொழுந்தெடுத்துச் சேர்த்த காசிலும், கொழும்பில் கடையில் நிற்கும் அவள் அண்ணன் அனுப்பிய காசிலும் வாங்கிய மடிகணினி அது. ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட டெல். நான்காம் தலைமுறை ஐ5, நான்கு ஜிபி ரெம். திறந்தால் எரிகிறது, தட்டினால் எழுதுகிறது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் அந்தத் திகதியிலிருந்து ஒரு வருடம் கிடைக்கும், அவ்வளவுதான். வின்டோஸ் 11 டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் என்றால், 2017இல் வரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது. எங்கள் பக்கம் வந்து சேரும் பாவித்த கணினிகளில் பெரும்பங்கு அதற்கு முந்தியவை. ஆனால் மைக்ரோசொஃப்டின் பட்டியலில் பெயர் இல்லாததால் ஓடிக்கொண்டிருக்கும் கணினி செத்துவிடாது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரெம்மில் ஓடும், 4 ஜிபியில் தாராளமாக ஓடும். அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

புதுசு பார்ப்பதென்றால் என்ன கணக்கு? மடிகணினி ஒன்றரை இலட்சம் ரூபா என்று வைப்போம். 2026க்கான வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளருக்குச் சொன்ன 1,750 ரூபா நாட்சம்பளத்தை முழுசாக எடுத்துக்கொண்டாலும், சாப்பாட்டுக்கு ஒரு சதம் எடுக்காமல் 86 முழுப்பேர், அதாவது 86 நாள் முழுச் சம்பளம். கிலோக் கணக்குக் குறைந்தால் அரைப்பேர்தான் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ‘புதுசு பாருங்க’ என்பது எனக்குக் கோபத்தை வரவைக்கிறது.

கடையில் வேறொரு வழியும் சொல்வார்கள்: பழைய வின்டோஸையே உடைத்த பிரதியாகத் திரும்பப் போடுவது. கணினி மென்பொருளும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்குள் வருவது ஒரு பக்கம். பெரிய ஆபத்து வேறு. பூட்டுடைக்கும் கருவி பெரும்பாலும் முதலில் கேட்பதே, வைரஸ் காவலை நிறுத்து என்றுதான். அதற்குப் பிறகு வீட்டுக்குள் யார் வந்து போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பென் டிரைவ் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் நடந்திருக்கும். கடந்தகால வினாத்தாள்களைப் பிரதியெடுக்கப் பொட்டோகொப்பிக் கடைக்குக் கொண்டுபோவோம். திரும்பி வந்து சொருகினால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிக் கிடக்கும். பிள்ளை அழுவாள், கடைக்காரர் ‘ஃபோர்மட்’ என்பார், குறிப்புகள் போகும். சித்தி மகளின் மடிகணினியில் நான் மின்டைப் பதித்துக்கொடுத்த பிறகு, அப்படி வந்த ஒரு பென் டிரைவை அதில் சொருகிக் காட்டினேன். அந்த வைரஸ் எழுதப்பட்டது வின்டோஸுக்கு. இங்கே அதற்கு வேலை இல்லை, வெறும் கோப்பாகக் கிடந்தது. வைரஸ் ஒளித்து வைத்திருந்த உண்மையான கோப்புறை பக்கத்திலேயே தெரிந்தது. திறந்து பிரதியெடுத்தாள். ஐந்து நிமிடம்.

‘கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும்’ என்பது அடுத்த பயம். இருபது வருடத்துக்கு முன் அதில் உண்மை இருந்தது. இன்று மின்டில் கீழே பட்டை, இடது மூலையில் மெனு, மேசையில் கோப்புறைகள். வின்டோஸ் 7 பழகியவருக்கு அரைநாள் போதும். போட்டுப் பார்க்கவும் துணிச்சல் தேவையில்லை. 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, கணினியைத் திறக்கும்போது எஃப்12 விசையைத் தட்டினால் (டெல், லெனோவோவில் பெரும்பாலும் இதுதான்) வன்தட்டில் எதையும் எழுதாமல் அங்கிருந்தே ஓடும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கெமரா தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். நிரந்தரமாகப் பதிக்கும்போது ஒன்றே ஒன்று: தேவையான கோப்புகளை முதலில் வெளியே பிரதியெடுங்கள். ‘வட்டை அழித்து நிறுவு’ என்ற தெரிவு உண்மையாகவே எல்லாவற்றையும் அழிக்கும். இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் லினக்ஸ் போட்டுக்கொடுப்பவரை நம்பாதீர்கள்.

‘தமிழ் அடிக்க முடியாது’ என்று அடித்துச் சொல்பவர்கள் ஒருமுறையாவது அடித்துப் பார்த்தார்களா தெரியவில்லை. விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்ற தலைப்பின் கீழேயே தமிழ்99 இருக்கிறது. இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் எம்17என் என்ற உள்ளீட்டுத் தொகுப்பில் உண்டு. யூனிகோட் எழுத்துருக்களும் கிடைக்கின்றன.

உண்மையான சிக்கல், யூனிகோட் அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துரு. எங்கள் ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் கோயில் நோட்டீஸ் அடிப்பவர்களும் இன்னும் பாமினியில்தான் வாழ்கிறார்கள். அந்தக் கோப்பைப் புதுக் கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். உடனே ‘பார்த்தீங்களா, லினக்ஸில் தமிழ் வராது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாமினி எழுத்துரு இல்லாத வின்டோஸிலும் அப்படித்தான் வரும். எழுத்துருக் கோப்பை எடுத்து இரண்டு முறை தட்டி நிறுவினால் ஜேயும் கேயும் தமிழாகிவிடும். பாமினியிலேயே விரல் பழகியவர் மின்டோடு வரும் லிப்ரே ஒஃபிஸில் அந்த எழுத்துருவைத் தெரிவுசெய்து பழையபடியே அடிக்கலாம். வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் தானியங்கித் திருத்தத்தை மட்டும் நிறுத்த வேண்டும்; பாமினியில் சிறிய எழுத்துக்கு ஒரு தமிழ், பெரிய எழுத்துக்கு வேறு தமிழ். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் போனது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

‘பரீட்சைக்கு வேர்ட் வேண்டும்’ என்பார்கள். உயர்தரத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பைதன் வருகிறது. மின்டில் பைதன் கேட்காமலே இருக்கிறது. வேர்ட் கோப்புகளை லிப்ரே ஒஃபிஸ் திறக்கும், அதே வடிவில் சேமிக்கும். பெட்டிகளும் படங்களும் நிறைந்த வினாத்தாள் சிலவேளை கொஞ்சம் குலையும். ஸூமுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது டேட்டா. 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் பாறை மேல் இருந்து படித்ததை வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் படம்பிடித்தது. அப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொரு எம்பியும் காசு. மின்டின் இற்றைப்படுத்தல் கருவி எது எத்தனை எம்பி என்று முதலில் காட்டும். ‘சரி’ என்று நாம் தட்டும்வரை இறக்காது. சித்தி மகள் அதை இரவு டேட்டாவுக்கு வைத்துக்கொள்கிறாள்.

எல்லோரும் மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். போட்டோஷொப்பில் கல்யாண அல்பம் செய்து பிழைப்பவர் மாறக்கூடாது. கெனன் எல்பிபி 2900 அச்சியந்திரம் வைத்திருப்பவர் முதலில் யோசிக்கட்டும். அதை லினக்ஸில் ஓடவைப்பது தொல்லை. எச்பி அச்சியந்திரங்களில் பெரும்பாலானவை சொருகியதும் வேலை செய்யும்.

‘படிச்ச ஆளுகளுக்கு’ என்ற சொல்தான் என்னைக் குத்துகிறது. சித்தியின் கையிலிருக்கும் ஆண்ட்ராய்ட் ஃபோனின் கருவே லினக்ஸ்தான். அவர் அதில் தினமும் மகனோடு பேசுகிறார், யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமி அடித்த கையோடு இந்த நாட்டுத் தன்னார்வலர்களே சஹானா என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் எல்லாவற்றையும் பதிய உதவிய அது பிறகு மற்ற நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. எழுதியவர்கள் படித்தவர்கள்தான். ஆனால் யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்றுதான் திறந்து கொடுத்தார்கள். ‘நம்ம ஆளுகளுக்குச் சரிவராது’ என்பதைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் கணினிக் கடையில் மட்டுமா கேட்டிருக்கிறோம்? விஞ்ஞானப் பிரிவுக்குப் போகும்போது கேட்டோம், கொழும்பில் நேர்முகத்துக்குப் போகும்போது கேட்டோம். அந்தப் பழைய சொல்லை இப்போது ஒரு மென்பொருளின் பெயரோடு ஒட்டிச் சொல்கிறார்கள்.

கடைசியாக, ‘பழுதானால் யார் பார்ப்பது?’ நியாயமான கேள்வி. நான் பதித்துக்கொடுத்த அன்றே டைம்ஷிஃப்ட் என்ற கருவியால் கணினியின் நிலையை ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன். போன மாதம் ஒரு இரவு அவள் தேவையில்லை என்று எதையோ நீக்கப்போய் வைஃபையே காணாமல் போய்விட்டது. இணையமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. டைம்ஷிஃப்டைத் திறந்து, நான் பிரதி எடுத்த நாளின் திகதியைத் தெரிவுசெய்து, திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். பாடக் குறிப்புகள் எதுவும் தொலையவில்லை. எனக்குச் சொன்னதே மறுநாள் காலை. கடைக்குக் கொண்டு இறங்கியிருந்தால் பஸ் காசும் சித்திக்கு ஒரு நாள் பேரும் போயிருக்கும்.