செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கலைநடை: வழியைக் காட்டுவது யார்?

நகரங்களின் கலைப்பகுதிகளை உள்ளூர் வழிகாட்டியின் துணையுடன் நடந்து காணும் மரபுநடைகள் தமிழகத்தில் பெருகிவருகின்றன. மயிலாப்பூரின் மாடவீதிகளும் காரைக்குடியின் நகரத்தார் மாளிகைகளும் அவற்றில் வழக்கமாக இடம்பெறுபவை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கும் ஒருநாள் அந்த வாய்ப்பு வரும். அதற்கு முன்பே, நடையின் பாதையை வகுப்பவர் யார் என்று கேட்டுவிடுவது நல்லது.

காண்பதற்கு அங்கே குறைவில்லை. லீ பஜாரின் தானியக் கடைகள், வெல்ல மண்டிகள், ஆடி மாத மாரியம்மன் திருவிழாவில் தெய்வ வேடமிட்டோர் அலங்கார வண்டிகளில் வலம்வரும் வண்டி வேடிக்கை என அடுக்கலாம். எனினும் ஊரின் தனிக்கலை வெள்ளிக் கொலுசுதான். வெள்ளிக் கட்டியை உருக்கிக் கம்பியாக இழுத்து, வளையங்களாக்கிக் கோத்து, பற்றவைத்து, சலங்கை பூட்டி, மெருகேற்றும் வரை ஒரு கொலுசு பல கைகள் மாறுகிறது. விற்பனை செவ்வாய்ப்பேட்டையில், பட்டறைகளில் பலவோ சிவதாபுரம், பனங்காடு போன்ற பகுதிகளின் வீடுகளில். வணிகர் வெள்ளியைத் தருவார். தொழிலாளி செய்துகொடுத்துக் கூலி பெறுவார். அமிலத்தின் ஆவியும் பற்றவைக்கும் புகையும் அடுப்பங்கரைக்குப் பக்கத்திலேயே எழுகின்றன. கடைக் கண்ணாடியோடு திரும்பிவிடும் நடை இவற்றைக் காணாது. சந்தையில் மூட்டை சுமப்பவரையும், திருவிழா முடிந்த விடியலில் தெருவைக் கூட்டுபவரையும் அது காணாது.

தெருவில் நடப்பதே நம் மக்கள் போராடிப் பெற்ற உரிமை. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்தே, பொதுச்சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாச் சாதியினருக்கும் உரியவை என அரசாணை பிறந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான சத்தியாகிரகமும் தொடங்கியது. நூறாண்டு கழிந்தும், 2024 மே மாதம், இதே சேலம் மாவட்டத்துத் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் திருவிழாவில் தலித்துகள் வழிபட உரிமை கோரியதையொட்டி வன்முறை வெடித்தது, கடைகள் தீக்கிரையாயின. செவ்வாய்ப்பேட்டை மாரியம்மன் கோயில் வாசலில் நின்று திருவிழாவின் சிறப்பைச் சொல்லும் வழிகாட்டி, திருவிழாக்களின் இந்தப் பக்கத்தையும் சொல்வாரா?

பறையின் கதையும் இப்படித்தான். 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது; நமக்குப் பெருமையே. ஆனால் சாவுக்குப் பறையடித்தாக வேண்டும் என்னும் கட்டாயம் பல ஊர்களில் இன்னும் ஓயவில்லை. நடையின் முடிவில் அரைமணி நேரப் பறையாட்டம் சேர்ப்பது எளிது. அடிக்க மறுத்தவர்களுக்கு நேர்ந்ததை அந்தக் கலைஞரே பேச இடம்தருவது அத்தனை எளிதன்று.

சென்னை கண்ணகி நகர் நமக்கொரு பாடம். நகரத்தின் நீர்நிலைக் கரைகளிலிருந்தும் பிற குடியிருப்புகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் குடியமர்த்திய இடம் அது; தலித்துகள் அங்கே கணிசமானோர். 2020இன் தொடக்கத்தில் அதன் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டு, கலை மாவட்டம் என்ற பெயரும் கிடைத்தது. ஓவியங்கள் அழகானவை, குடியிருப்பவர்கள் சிலரே விரும்பி வரவேற்றார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் முகவரியைச் சொன்னதும் வேலை மறுக்கப்படுகிறது என்ற இளைஞர்களின் பழைய குறையைச் சுவரின் வண்ணம் தீர்க்காது. படமெடுக்க வருபவருக்கு அந்தக் குறையைச் சொல்ல அங்கே வாழும் ஒருவர் வழிகாட்டியாக வேண்டும்.

ஆகவே செவ்வாய்ப்பேட்டைக்கு நாம் கேட்பது இது. சுற்றுலாத் துறையோ தனியாரோ நடை தொடங்கினால், கொலுசு பற்றவைக்கும் பெண்களுக்கும், சுமைப்பணியாளர்களுக்கும், பறையிசைக் கலைஞர்களுக்கும் வழிகாட்டிப் பயிற்சியும் ஊதியமும் தரப்பட வேண்டும். வீட்டுப் பட்டறைக்குள் நுழைவதும் படமெடுப்பதும் அவ்வீட்டாரின் ஒப்புதலோடு மட்டுமே நிகழ வேண்டும். கட்டணத்தில் அவர்களின் பங்கு எவ்வளவு என்பது, பயணிகள் பெயர் பதியும் இடத்திலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.