சாகாத நோயாளி

மயக்க மருந்து கொடுக்கப் பயிலும் வைத்தியர் எவரும் ஒருநாள் முதன்முறையாக ஒருவருடைய தொண்டையினுள் சுவாசக் குழாயைச் செலுத்தியே ஆக வேண்டும். அந்த முதல் நோயாளி யார்? யாரோ ஒருவரின் தாய். யாரோ ஒருவரின் பிள்ளை. கை பழகும்வரை நேரும் பிழைகளை அவர்கள் தாங்க வேண்டுமென்பது நியாயமாகுமா? இவ்வினாவுக்கு விடைகாண வழி திறந்தவர்களுள் ஒருவர் பொம்மை வியாபாரி என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும்.

நோர்வே நாட்டு ஸ்ராவங்கர் நகரத்தவரான அஸ்முண்ட் லேர்டல், நீரில் மூழ்கிய தம் சிறு மகனைத் தாமே மீட்டெடுத்தவர். வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையைப் பயிற்றுவதற்கு ஆளளவான பாவையொன்றை வைத்தியர்கள் வேண்டவே, மென்மையான பிளாஸ்டிக்கில் அதனை அவர் செய்தளித்தார். 1960இல் 'றெசூசி ஆன்' பிறந்தாள். பாரிஸ் நகரத்துச் சேன் நதியில் மூழ்கியவளெனக் கதை வழங்கும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகமே அவளுக்கு அமைந்தது. (கதை மெய்யோ பொய்யோ, முகம் சாந்தமானது.) பின்னர், பீற்றர் சபார் என்னும் வைத்தியரின் யோசனைப்படி அவளது மார்பினுள் சுருள்வில் பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்ரிமீற்றர் ஆழம் அழுத்துவது ஏட்டைப் படித்து வருவதன்று.

1960களில் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தார் 'சிம் வண்' என்ற பாவையைக் கொம்பியூட்டர் கொண்டு இயக்கினர். அது மூச்சுவிட்டது, அதன் நாடி துடித்தது, கண்மணி விரிந்து சுருங்கியது. சுவாசக் குழாயிடும் பயிற்சிக்கென்றே அது தோன்றியது.

ஆயினும், நெருக்கடியில் தடுமாறுவது கை மட்டுமா? 1980களில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து டேவிட் காபா என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும், விமானிகள் பெறும் பயிற்சியை முன்மாதிரியாகக் கொண்டு, பாவையைச் சுற்றிச் சத்திரசிகிச்சைக் கூடத்தையே அமைத்தனர். இத்தகைய ஒத்திகையில் வெளிப்படும் குறை பெரும்பாலும் நாவினுடையது. பெரிய வைத்தியரின் பிழையைத் தாதி காண்கிறாள், சொல்லத் தயங்குகிறாள். பெரியோர் முன் வாய்திறவாமையைப் பண்பெனக் கற்று வளர்ந்த நமக்கு இத்தயக்கம் புதிதன்று.

ஒத்திகை முடிந்ததும் யாவரும் ஒன்றாக அமர்வர். "அவ்வேளை உமது மனத்தில் என்ன ஓடியது?" என்று ஆசிரியர் வினவுவார், ஏசமாட்டார். யந்திரத்திலும் இந்த உரையாடலே விலைமதிப்புடையதென்பது நம் எண்ணம். கொம்பியூட்டர் பாவைக்குப் பணமில்லாத வைத்தியசாலையும், சாதாரண மார்பழுத்தும் பாவையொன்றைக் கட்டிலில் கிடத்தி இதனை நடத்தலாம்.