பொட்டலத்தின் பின்புறம்



“இந்தக் குளிர்பானம் நஞ்சு” என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை ஆராயாமல் பிறருக்கு அனுப்பிவிடுகிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன். பொய்ச்சாட்சியைக் குறித்த கட்டளை நியாயஸ்தலத்துக்கு மட்டும் உரியதன்று.

2012இல் பிரான்சில் ஸ்டெஃபான் ஜிகாந்தே தொடங்கிய ‘ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்’ என்னும் உணவுத் தரவுத்தளத்தில் உண்மையான சாட்சிக்கு இடமுண்டு. கைப்பேசியால் பார்கோடை ஸ்கேன் செய்து, பொட்டலத்தில் அச்சிட்டுள்ள சேர்மானங்களையும் சர்க்கரை, உப்பு அளவுகளையும் படமெடுத்து எவரும் அதில் சேர்க்கலாம், எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம், பிழையைத் திருத்தலாம்.

நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையின் தாய்க்கு அந்தப் பொடி எழுத்து உயிர்ப்பிரச்சினை. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கள்ள அளவை மட்டுமல்ல, பார்வையற்றவன் பாதையில் இடறல் வைப்பதையும் கண்டிக்கிறது. கண் தெளிவான நம் வாலிபர்கள் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாமே. (ஆராதனை வேளையில் அன்று!)

அச்சிட்டுள்ளதை மட்டும் பதியுங்கள். படம் மங்கினால் ஊகிக்காமல் மீண்டும் எடுங்கள். உற்பத்தியாளர் சேர்மானத்தை மாற்றக்கூடும். ஆகையால் ஒவ்வாமையுள்ள வீட்டார் கையிலுள்ள பொட்டலத்தையும் வாசித்தே ஆகவேண்டும். பழைய பதிவைக் கண்டால், புதிய படத்தைச் சேருங்கள்.